மறுபடி வருவீர்களா?

வந்தவள் கேமராவை வெளியே எடுக்கவே இல்லை. மிளகாய்த்தூள் டப்பாவைத் திறந்து முகர்ந்தாள், தண்ணீர்க் குடத்தின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள், நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டாள். குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டே சுகிர்தம் அவளை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

காசிமேட்டில் மீன் வாங்கி, அம்மியில் மசாலா அரைத்து, வெளிநாட்டுப் பயணிகளுக்குக் குழம்பு வைக்கக் கற்றுத்தருவது மகளிர் குழுவின் திட்டம். பிளாஸ்டிக் கூடாது, மீன் கழிவு சாக்கடைக்குப் போகக் கூடாது. பயணி படிவத்தில் குறை எழுதினால் வகுப்பை வேறு வீட்டுக்கு மாற்றிவிடுவார்கள். போன மாதம் சிலுவையம்மாளை அப்படித்தான் நீக்கினார்கள்.

இவள் மணிலாக்காரி, பெயர் மரிசெல். மற்றவர்கள் மீனை வாலைப் பிடித்துத் தூக்கவே பயப்படுவார்கள். இவள் நாலு சங்கராவை நிமிடத்தில் ஆய்ந்து வைத்தாள்.

"டூரிஸ்டு மாதிரியா கீது? நெசத்தச் சொல்லு மெர்லின், என்னை வேவு பாக்க அனுப்பிகீறீங்களா?"

"மாதா மேல சத்தியமா இல்லக்கா. பேரு குடுத்தாங்க, கூட்டியாந்தேன்" என்றாள், குழுவிலிருந்து மொழிபெயர்க்க வந்த மெர்லின்.

"சிரிக்கவே மாட்டேன்றா. உப்பு போடாத கஞ்சி மாதிரி மூஞ்சி."

மெர்லின் இதை மொழிபெயர்க்கவில்லை. ஆனாலும் மரிசெல்லின் உதடு லேசாகத் துடித்தது. பிறகு ஆங்கிலத்தில் ஏதோ கேட்டாள்.

"வூட்ல எத்தினி பேர்னு கேக்கறாங்கக்கா."

"நானும் அவரும்தான். புள்ள ஃப்ரெடி கப்பல்ல கீறான். கண்ணாலம் கட்டிக்கோன்னு பேச்செடுத்தா போனை வச்சிடறான்."

"இன்னொருத்தர் தங்க எடம் கீதான்னு கேக்கறாங்க."

'இதெல்லாம் இவளுக்கு எதுக்கு?' சுகிர்தம் அடுப்புப் பக்கம் திரும்பிக் குழம்பைக் கிண்டினாள். மரிசெல் அதையும் நோட்டில் குறித்துக்கொண்டாள்.

சாப்பாட்டில் மட்டும் குறையில்லை. மரிசெல் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். படிவத்தை நிரப்பியதும் மெர்லின் வாசித்தாள். சுவை, சுத்தம், உபசரிப்பு, எல்லாம் 'மிகத் திருப்தி.' கடைசிக் கேள்வியில் அவள் குரல் இறங்கியது.

"மறுபடி வருவீர்களா... இல்லைன்னு போட்டுகீறாங்கக்கா."

சுகிர்தத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "இன்னா கொறை வச்சேன்? ஏன் வரமாட்டாளாம், கேளு!"

மெர்லின் வாய் திறக்குமுன் மரிசெல் எழுந்துவந்து சுகிர்தத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போனாத்தான அத்தே, மறுபடி வர்றதுக்கு? ஃப்ரெடி என்னை இங்கியே இருக்கச் சொல்லிகீறாரு."