தோலுக்கடியில் ஓர் எலி

ஜன்னல் வெயில் அக்காவின் இடது கையில் விழுகிறது. மாவுக்கட்டைப் பிரித்துப் பத்து நாளாகியும் முழங்கை மடங்கவில்லை. பயிற்சி கொடுக்கும் பெண் அக்காவின் புஜத்தில் நீலப் பேனாவால் வாலோடு ஓர் எலி வரைகிறாள். "மசில்ங்கிற இங்கிலீஷ் வார்த்தை லத்தீன்லேர்ந்து வந்ததுக்கா. அங்க அதுக்கு குட்டி எலின்னு அர்த்தம். தோலுக்கடியில ஓடுற மாதிரி தெரியும்ல, அதான்." "அடிப்பாவி! எலியைப் பாத்தா கட்டில் மேல ஏறி நிக்கிறவ நான்" என்று அலறுகிறாள் அக்கா. "அப்ப கையை மடக்கி இதைத் துரத்துங்க." எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அக்காவோ பல்லைக் கடித்துக்கொண்டு எலியையே பார்க்கிறாள். முதலில் வால் நெளிகிறது. பிறகு முதுகு மெல்ல உப்புகிறது. முன்னங்கை ஓர் அங்குலம் மேலெழுகிறது. அக்கா குனிந்து, குழந்தையைக் கூப்பிடும் குரலில் சொல்கிறாள்: "பயப்படாத, வாடி செல்லம். இன்னும் கொஞ்சம்."