விற்பனைக்கு ஒரு கம்ப்யூட்டர்

“பில் இருக்குங்களா?”

வந்தவர் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் இந்தக் கேள்வி. கல்யாணராமன் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

சாம்பல் நிற சஃபாரி சூட், ஒட்ட வெட்டிய கிராப்பு, கக்கத்தில் ஒரு ரெக்ஸின் பை. கம்ப்யூட்டர் வாங்க வருகிறவன் ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு என்றல்லவா கேட்பான்? எடுத்த எடுப்பில் பில்லைக் கேட்கிறவர் யாராக இருக்க முடியும்? சேல்ஸ் டாக்ஸ். இல்லாவிட்டால் போலீஸ். வாசலில் வண்டி எதையும் காணோம். ஜீப்பை லஸ் கார்னரிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்திருப்பார்.

“பில்லா... இருக்கு சார். பரண்ல எங்கேயோ இருக்கணும். தேடினா கிடைக்கும்” என்றார் கல்யாணராமன், வாய் கூசாமல்.

வந்தவர் முகம் சட்டென்று வாடிப்போயிற்று. நம்பவில்லை போலிருக்கிறது.

பில்லாவது மண்ணாவது! இரண்டு வருஷத்துக்கு முன்னால் மனைவி ஜெயலக்ஷ்மியின் தம்பி குருபிரசாத் சேர்த்துக் கொடுத்த மிஷின் அது. போர்டை ஒரு கடையில், மானிட்டரை இன்னொரு கடையில் என்று ரொக்கத்துக்கு வாங்கி வந்து, இதே ஹாலில் பாயை விரித்து உட்கார்ந்து பூட்டினான். பில் போட்டால் வரியோடு ஆறாயிரம் கூட ஆகும் என்றான். உள்ளே ஏற்றியதெல்லாம் கள்ளக் காப்பி. ஊர் உலகத்தில் செய்யாததா, யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்று இவரும் இருந்துவிட்டார்.

போன வாரம் கேட்டுவிட்டார்கள். தி.நகரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ரெய்டு. எட்டு மிஷினை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். முதலாளி இரண்டு நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தார். கல்யாணராமன் செய்த பாவம், அதற்கு முந்தின நாள்தான் விளம்பரம் கொடுத்திருந்தார். பென்டியம், கலர் மானிட்டர், விலை இருபத்திரண்டாயிரம் என்று வீட்டு விலாசத்தோடு அச்சாகியிருந்தது.

வாபஸ் வாங்கவும் வழியில்லை. மகள் அனன்யாவுக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமைக்குள் இருபதாயிரம் கட்டாவிட்டால் வெயிட்டிங் லிஸ்டில் இருக்கும் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும்.

“யார் அசெம்பிள் பண்ணாங்க?” என்றார் வந்தவர்.

“தெரிஞ்ச பையன் சார். இப்ப துபாய்ல இருக்கான்.”

குருபிரசாத் அந்த நேரத்தில் மந்தைவெளியில் வெங்காய பஜ்ஜி தின்றுகொண்டிருந்திருப்பான்.

“வாரண்டி கார்டெல்லாம் யார் பேர்ல?”

“என் பேர்லதான். எல்லாம் பக்காவா இருக்கு.”

வந்தவர் பெருமூச்சு விட்டார். மிஷினை ஒரு தடவை சுற்றி வந்தார். சுவிட்சைப் போடச் சொல்லவில்லை. பையை மட்டும் கக்கத்தில் இறுக்கிக்கொண்டார்.

சமையலறை வாசலிலிருந்து ஜெயலக்ஷ்மி கண்ணைக் காட்டினாள். கல்யாணராமன் உள்ளே போனார்.

“ஏன்னா, இவாகிட்ட எல்லாம் விலையில கறார் பண்ணாதீங்கோ. சல்லிசா குடுத்துட்டா கண்டும் காணாம போயிடுவா. ரொம்பப் பேசினேள்னா உங்களையும் சேத்து ஏத்திண்டு போயிடுவா” என்று கிசுகிசுத்தாள். கிசுகிசுத்தபடியே வந்தவருக்குக் காபியை டபராவில் ஆற்றினாள்.

கல்யாணராமன் ஹாலுக்குத் திரும்பினார். “உங்களுக்குன்னா பதினெட்டு குடுங்கோ சார், போறும்.”

“பில்லு கண்டிப்பா இருக்குல்ல?”

“பதினாலு.”

“எந்தக் கடை பில்லு? கடையில அதுக்குக் காப்பி வெச்சிருப்பாங்களா?”

“பத்து சார். வேண்டாம், எட்டே குடுங்கோ.”

அனன்யாவின் சீட்டு கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது. ஆனால் அப்பன் ஜெயிலுக்குப் போனால் சீட்டு மட்டும் இருந்து என்ன செய்ய?

வந்தவர் தெருப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். “அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்தறீங்களா?”

அவ்வளவுதான், கதை முடிந்தது என்று நினைத்தார் கல்யாணராமன். ஜன்னலைச் சாத்திவிட்டு என்ன செய்யப் போகிறார்? சாத்திக் கொக்கியை மாட்டினார். திரும்பியபோது வாயிலிருந்து உண்மையெல்லாம் கொட்டிவிட்டது.

“சார், நான் சொன்னதெல்லாம் பொய். பில்லும் கிடையாது, வாரண்டியும் கிடையாது. எல்லாம் ரொக்கத்துக்கு வாங்கினது. எந்தக் கடையிலயும் என் பேர்ல ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. பொண்ணு படிப்புக்காகத்தான் விக்கறேன். கேஸ் கீஸ்னு போட்டுடாதீங்கோ, அவ வாழ்க்கையே போயிடும்.”

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. ஐம்பத்து மூன்று வயசில், முன்பின் தெரியாத ஒருவர் எதிரில், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார்.

வந்தவர் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார். நெற்றி வியர்வையை வழித்துவிட்டு ஜெயலக்ஷ்மி நீட்டிய காபியை ஒரே மடக்கில் குடித்தார். பிறகு பையின் ஜிப்பை இழுத்தார். உள்ளே கட்டுக் கட்டாக ஐந்நூறு ரூபாய் நோட்டு. ஒரு கட்டைப் பிரித்து, எட்டாயிரத்தை மட்டும் எண்ணி டீப்பாய் மேல் வைத்தார்.

“பில் இல்லேன்னு முதல்லயே சொல்லியிருந்தா, நீங்க போட்டிருந்த இருபத்திரண்டையும் பேசாம குடுத்திருப்பேனே சார்” என்றார்.

கல்யாணராமன் துண்டை விலக்கினார். “அப்ப... நீங்க ரெய்டுக்கு வரலியா?”

“நானா? லஞ்ச ஒழிப்புக்காரங்க எப்ப என் வீட்டுக்கு ரெய்டு வருவாங்களோன்னு நானே நடுங்கிக்கிட்டு இருக்கேன் சார்.”