பார்க்கக் கூடாத விளக்கு

“ஏம்ப்பா, மீனைக் காப்பாத்தத்தானே உன்னைக் கூப்பிட்டோம்? என் வீட்டுக்காரர் கண்ணை அவிச்சுட்டுப் போயிருக்கியே!”

மெக்கானிக் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலிலேயே அர்ச்சனை தொடங்கிவிட்டது.

வளர்ப்பு மீன் கடையில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறவர் அவர். எத்தனையோ வீடுகளில் தொட்டி கழுவியிருக்கிறார், மோட்டார் மாற்றியிருக்கிறார். இப்படி ஒரு வரவேற்பு எங்கேயும் கிடைத்ததில்லை.

“அம்மா, என்ன ஆச்சுன்னு...”

“என்ன ஆச்சா? உள்ள வந்து பாரு!”

கூடத்தில் நான்கடி நீளத்துக்கு உப்புநீர் மீன் தொட்டி. அதற்கு எதிரே நாற்காலியில் வீட்டுக்காரர். இரண்டு கண்களும் கோவைப்பழமாகச் சிவந்து, இமைகள் வீங்கிக் கிடந்தன.

“நேத்து சாயங்காலம் வெளிய போயிட்டு வந்தார். சட்டையைக்கூட மாத்தாம நேரா வந்து இந்தத் தொட்டி முன்னாடி உக்காந்தார். டீ வெச்சேன், அப்படியே ஆறிப்போச்சு. கேட்டா, மீன் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியா இருக்கு, புது மிஷின் ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாக்கறேங்கறார். காலையில பாத்தா இந்தக் கோலம்!”

அம்மாள் ஒரு காலி அட்டைப்பெட்டியைத் தூக்கி மெக்கானிக்கின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“இதுல கொட்டை எழுத்துல போட்டிருக்கு. விளக்கை நேரா பாக்கக் கூடாது, கண்ணு கெட்டுடும்னு. அதைப் படிச்சதும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. இவ்வளவு ஆபத்தானதை மாட்டிட்டுப் போறவன் ஒரு வார்த்தை சொல்ல வேணாமா?”

விஷயம் அந்தக் கருவியைப் பற்றியது. தொட்டித் தண்ணீரை ஒரு நீளமான உறைக்குள் ஓடவிட்டு, நடுவில் எரியும் புற ஊதா விளக்கால் கிருமிகளைக் கொல்லும் சாதனம். முந்தாநாள்தான் மெக்கானிக் வந்து, தொட்டிக்குக் கீழே இருக்கும் அலமாரியில் அதைப் பொருத்தி மோட்டாரோடு இணைத்துவிட்டுப் போயிருந்தார்.

“அம்மா, அந்த விளக்கைப் பத்தி அன்னைக்கே சார்கிட்ட...”

“சொன்னார், சொன்னார்!” வீட்டுக்காரர் அவசரமாகக் குறுக்கே விழுந்தார். “அவர் எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் போனார். நான்தான் கேக்காம மூடியைத் திறந்து பாத்துட்டேன். என் தப்பு. அவரை விடு.”

மெக்கானிக் திகைத்துப்போய் அவரைப் பார்த்தார்.

“பாத்தியா, இப்பவும் அடுத்தவனுக்குத்தான் வக்காலத்து! கண் டாக்டர்கிட்ட போகலாம் வாங்கன்னா அதுக்கும் வரமாட்டேங்கறார். தானா சரியாயிடுமாம். இவர்தான் டாக்டருக்குப் படிச்சுக் கிழிச்சிருக்கார்ல!”

“ஆஸ்பத்திரிப் பேச்சே வேண்டாம்னு சொன்னா விடேன்.” வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“எப்படி விடறது? முப்பது வருஷமா பாக்கறேன். இவங்க அப்பா போனப்பகூட இந்தக் கண்ணுல பொட்டுத் தண்ணி வரல. அவ்வளவு கல்லு மனசு. அந்தக் கண்ணு நேத்திலேருந்து நிக்காம ஒழுகுதுன்னா உள்ள நரம்பே போச்சோ என்னவோ!” அம்மாள் மேஜைமேல் இருந்த போனை எடுத்தார். “உன் முதலாளிகிட்ட பேசறேன். நாளைக்கு நீ அந்தக் கடையில இருக்கக் கூடாது.”

மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீட்டில் நாலு பேர் சாப்பிடுவது இந்த வேலையை நம்பித்தான்.

“அம்மா, ஒரே நிமிஷம். நான் அந்த மூடியைக் கழட்டிக் காட்டிடறேன்.”

“வேண்டாம்!”

வீட்டுக்காரர் எழுந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். “நீங்க கிளம்புங்க தம்பி. முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன், உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது. அதை மட்டும் இப்போ திறக்காதீங்க.”

இந்த மனிதர் எதற்காக இப்படிக் கெஞ்சுகிறார் என்று மெக்கானிக்குக்குப் பிடிபடவில்லை. அதற்குள் அம்மாள், “ஹலோ, கடை முதலாளிங்களா?” என்று ஆரம்பித்துவிட்டார். வேலை போகிற நேரத்தில் நின்று யோசிக்க யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? கையை உதறிக்கொண்டு தரையில் மண்டியிட்டு, பிளக்கைப் பிடுங்கி, உறையின் முனையில் இருந்த மூடியைத் திருகி எடுத்தார்.

உள்ளே கண்ணாடிக் குழல் காலியாக இருந்தது.

“நல்லாப் பாருங்கம்மா. இதுல பல்பே இல்ல. அன்னைக்குப் பெட்டியைப் பிரிக்கும்போதே உடைஞ்சிருந்துச்சு. வேற வந்ததும் மாட்டறேன்னு சார்கிட்ட சொல்லிட்டுத்தான் போனேன். இதோ, இன்னைக்குக் காலையிலதான் வந்துச்சு.” பையிலிருந்து, அட்டைகூடப் பிரிக்காத பல்பை எடுத்து நீட்டினார். “இதுவரைக்கும் இந்த மிஷின்ல வெளிச்சமே எரியலம்மா. வெறும் தண்ணிதான் ஓடிட்டிருக்கு. இதால எப்படிக் கண்ணு சிவக்கும்?”

போன் அம்மாளின் காதிலிருந்து இறங்கியது. மறுமுனையில் முதலாளி “ஹலோ, ஹலோ” என்று கத்திக்கொண்டிருந்தார். அம்மாள் பல்பைப் பார்த்தார், பிறகு கணவரைப் பார்த்தார். அவர் தொட்டிப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

அம்மாள் போனை மேஜைமேல் வைத்தார். வார்த்தைகள் மெதுவாகத்தான் வந்தன.

“ஏங்க... நேத்து சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போய் என் டெஸ்ட் ரிப்போர்ட்டை வாங்கிட்டு வந்தீங்களே, ஒண்ணும் இல்ல, சாதாரணக் கட்டிதான்னு சொன்னீங்களே... அதை எடுங்க, நானே படிக்கிறேன்.”