அரைத் துடுப்பு

"அவரு வந்து நிக்கறாரு. உள்ள கூப்பிடவா, அப்படியே திரும்பிப் போவச் சொல்லவா?"

சந்தியாகுவின் மனைவி ஜெசிந்தா வேண்டுமென்றே உரக்கக் கேட்டாள். படலுக்கு வெளியே நின்ற ஆதிகேசவனின் காதில் அது நன்றாகவே விழுந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

முற்றத்தில் மடவை மீன்களைக் கீறி உப்புத் தடவிக்கொண்டிருந்த சந்தியாகு, கையைத் துடைத்தபடி எழுந்தான்.

"இன்னா பேச்சு இது? வாங்க தண்டேலு, உள்ள வாங்க."

பழவேற்காட்டில் படகாட்களின் தலைவனைத் தண்டேல் என்பார்கள். ஒல்லாந்தர் கோட்டையிலிருந்து துணிப் பொதிகளை ஏற்றி, முகத்துவாரத்து அலையைத் தாண்டி, கடலில் நங்கூரமிட்ட கப்பலுக்குக் கொண்டுசேர்க்கும் படகுகளில் ஆதிகேசவனின் எட்டுத் துடுப்புப் படகுக்குத் தனிப் பெயர். தானும் ஒரு துடுப்பைப் பிடித்து ஆட்களைப் பழக்குவதில் அவரை மிஞ்ச அந்தக் கரையில் ஆளில்லை. "எனக்கு பயில்வான் வேணாம்டா. கூட இருக்கறவன் எப்போ மூச்சு வாங்கறான்னு தெரிஞ்சவன்தான் வேணும்" என்று நாளுக்கு நாலு தடவையாவது சொல்வார்.

இந்த வருடம் கோட்டைக்குப்பத்துப் படகும் போட்டிக்கு வந்துவிட்டது. ஏரியில் மூன்று நாள் மூன்று பந்தயம், இரண்டில் ஜெயிக்கும் படகுக்கே இந்தப் பருவத்துக் கப்பல் வேலை என்று கோட்டைத் துரை சொல்லிவிட்டார்.

நேற்று மாலை, கடைசிப் பயிற்சி முடிந்ததும், கரையில் ஊரே கூடியிருக்கும்போது ஆதிகேசவன் சந்தியாகுவைப் படகிலிருந்து இறக்கினார்.

"மலை மாதிரி உடம்பு, போடறது அரைத் துடுப்பு! ஒரு மாசமா பாத்துக்கினுதான் வரேன். ஒரு சோம்பேறி எட்டுப் பேரையும் கவுத்துடுவான். எறங்குடா கீழ!"

சந்தியாகு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, யாரையும் பார்க்காமல் நடந்து போய்விட்டான். அவன் இடத்துக்கு வேறொரு படகிலிருந்து துளசிங்கத்தைக் கூட்டிவந்தார் ஆதிகேசவன்.

இன்று காலை பந்தயம். வலப்பக்கம் உட்கார்ந்த துளசிங்கம் உயிரைக் கொடுத்துத் துழாவினான். பாதித் தூரம்கூடத் தாண்டவில்லை, படகு இடப்பக்கமாக இழுக்க ஆரம்பித்தது. பின்னால் சுக்கான் பிடித்த சகாதேவன் என்ன திருப்பியும் நேராகவில்லை. கடைசியில் சேற்றுத் திட்டில் ஏறி நின்றேவிட்டது. கோட்டைக்குப்பத்தார் கூவிக்கொண்டே கடந்து போனார்கள். முழங்கால் சேற்றில் நின்று படகைத் தள்ளும்போது கரையில் எழுந்த சிரிப்பு, இன்னும் ஆதிகேசவனின் காதைவிட்டுப் போகவில்லை.

சந்தியாகு போட்ட பலகையில் அவர் உட்காரவில்லை. நின்றபடியே பேசினார்.

"ஊர் பாக்க உன்னைய எறக்கினேன். ஊர் பாக்க இன்னிக்கு நான் சேத்துல நின்னேன். எந்த மூஞ்சிய வச்சிக்கினு இங்க வரதுன்னு ரெண்டு தபா பாதி வழியில திரும்பிட்டேன்."

"வுடுங்க தண்டேலு."

"எப்படிடா வுடறது? சேத்துல நிக்கறப்போதான் எனக்கு ஒறைச்சிது. நீ இருந்தவரைக்கும் படகு நூல் புடிச்ச மாதிரி போச்சி. நீ போனதும் இழுக்குது. அப்போ இடப்பக்கத்துல ஒருத்தனுக்குத் தெம்பு இல்ல. நீ முழுசா போட்டா படகு திரும்பிடும்னு, அவனுக்கு ஈடா அரைத் துடுப்பு போட்டுக்கினு இருந்திருக்கே. நெசந்தானே?"

சந்தியாகு குனிந்து இன்னொரு மீனை எடுத்தான்.

"நான் வாய் கிழிய சொன்னத நீ செஞ்சே. உன்னையப் போயி சோம்பேறின்னேன். மன்னிச்சிக்கடா. நாளைக்கு வந்துடு."

"வரேன் தண்டேலு. அவ்ளோதானே?"

"அவ்ளோ இல்ல. அவன் யாருன்னு சொல்லு."

சந்தியாகுவின் கை நின்றது. "அது எதுக்கு? நான் வந்துட்டா படகு நேரா போவுது."

"நேரா போவும், வேகமா போவுமா? நீ அரை, அவன் அரை. அதைக் கட்டிக்கினு எப்படிடா மிச்சம் ரெண்டு பந்தயத்தை ஜெயிக்கறது? யாரா இருந்தாலும் நாளைக்கு அவன் படகுல கால் வைக்க மாட்டான். என் கூடப் பொறந்தவனா இருந்தாலும் தயவு பாக்க மாட்டேன்."

"வேணாம் தண்டேலு. அவரு மனசு தாங்காது."

"ஒருத்தன் மனசுக்காக எட்டு வூட்டு அடுப்பு அணையணுமா? சொல்லு, தருமலிங்கமா?"

சந்தியாகு இல்லையென்று தலையசைத்தான்.

"தாமோதரனா?"

அதற்கும் இல்லை.

"அப்போ ஆதிநாராயணன். போன மாசம் சொரத்துல படுத்துக் கெடந்தான். அவன்தானே?"

"அவன் நல்லாத்தான் போடறான்."

"வேற யாருடா? இடப்பக்கம் மொத்தமே நாலு துடுப்புதானே?"

சந்தியாகு நிமிரவில்லை. ஜெசிந்தாதான் பொறுக்க முடியாமல் அரிவாள்மணையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

"நீ சும்மா இரு" என்றான் அவன். பிறகு மெல்ல, மீனைப் பார்த்தபடியே சொன்னான்.

"உங்க தோளு போன மழைக்கே வுட்டுப்போச்சி தண்டேலு. படகுல உங்களத் தவிர எல்லாருக்கும் தெரியும். உங்ககிட்ட சொல்ல ஒருத்தனுக்கும் மனசு வரல. அதான் எட்டுப் பேரும் பேசி, உங்களுக்கு ஈடா அரைத் துடுப்பு போட்டு உங்க திட்டையும் வாங்கிக்கறதுக்கு, என்னைய உங்க எதுர் துடுப்புல உக்கார வச்சோம்."