அக்காவின் எழுத்துரு

பெயர் சொல்லாமல் வந்தாலும் பிரவுசர் காட்டிக்கொடுத்துவிடும். வருபவரின் திரை அளவு, அவர் கணினியிலுள்ள எழுத்துருக்கள், எல்லாமே தங்கையின் தையல் இணையதளத்தில் பதிவாகும். பேச்சுவார்த்தை நின்ற பிறகும் அக்கா தினமும் வந்து பார்த்தது அப்படித்தான் தெரிந்தது. தன் கையெழுத்தையே எழுத்துருவாக்கி லேப்டாப்பில் போட்டிருந்தவள் அவள் ஒருத்திதான். தெரிந்தும் தங்கை வீம்பாகவே இருந்துவிட்டாள்.

அக்கா கண்ணை மூடியபின் அந்த லேப்டாப் தங்கையின் அலமாரிக்கு வந்தது. பேட்டரி உப்பி, உயிர்போய்க் கிடந்தது. ஆனாலும் அதே எழுத்துருவோடு யாரோ காலையில் வந்து, பக்கத்தைக் கடைசிவரை பார்த்துவிட்டுப் போனார்கள்.

"வர்றவங்க யாருன்னு நமக்கு எதுக்கு? பதிவுல எல்லாரும் ஒரே மாதிரி தெரியுற மாதிரி மாத்திடறேன். நிம்மதியா இருப்ப," என்றான் கணவன். பயத்தில் அவளும் தலையாட்டிவிட்டாள்.

அதன்பிறகு யாரையும் அடையாளம் தெரியவில்லை. மனசு கேட்காமல், நேற்று பக்கத்தின் அடியில் ஒரு வரி சேர்த்தாள்: "அக்கா, நீதானே? என்மேல இன்னும் கோபமா?" கீழே, 'இல்லை' என்று ஒரே ஒரு பட்டன்.

இன்று காலை வந்த அத்தனை பேரும் அதை அழுத்தியிருந்தார்கள்.