கூப்பிடு தூரம்

"ரூல்ஸ் அக்காவை மாத்தியே ஆகணும்! யாரெல்லாம் என் பக்கம், கையைத் தூக்குங்க!"

ஷெட்டுக்கு நடுவுல, கவுத்துப் போட்டிருந்த படகு மேல ஏறி நின்னு கத்தினான் புல்லட்.

அந்தத் துடுப்புப் படகு கிளப்புலயே அவன்தான் வேகம். பேரு வந்ததே அதனாலதான். இன்னும் பத்து நாள்ல தேர்வுப் போட்டி. ஜெயிச்சா நேஷனல் டீம்.

"முதல்ல படகை விட்டு இறங்கு. விரிசல் விடும்" என்றார் ரூல்ஸ் அக்கா.

அவங்களுக்கு ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கிற வேலை. கிளப்புல சேஃப்டி பொறுப்பு. ஆளைப் பார்த்தாலே உள்ள இருக்கிற எலும்பை எண்ணிடுவாங்களோன்னு இருக்கும்.

"பார்த்தீங்களா? கொஞ்சம் விட்டா மூச்சு விடறதுக்கும் ஒரு நோட்டீஸ் ஒட்டுவாங்க!"

ஷெட்டே சிரிச்சுது. எல்லாருக்கும் அவங்க மேல ஒரு கடுப்பு இருந்துச்சு. லைஃப் ஜாக்கெட்டை மெத்தையாப் போட்டு உக்காந்தா திட்டு. மீட்புக் கயித்துல ஈரத்துண்டைக் காயப் போட்டா ஒரு வாரம் படகு கிடையாது.

ஆனா ரெண்டு மாசம் முன்னாடி ஒட்டினாங்களே, அதுதான் உச்சம். 'யாரும் தனியாப் போகக் கூடாது. கூப்பிடு தூரத்துல இன்னொரு படகு இருக்கணும்.'

புல்லட் பயிற்சி எடுக்கிறது விடிகாலை அஞ்சரைக்கு. அந்த நேரத்துல எந்தப் புண்ணியவான் எழுந்து வருவான்? ஒரு மாசம் கரையிலயே குந்திக்கிட்டிருந்தான். அப்புறம்தான் துணைக்கு ஒருத்தர் கிடைச்சாரு.

அவனோட மாமனார். ரிட்டயர் ஆன லிஃப்ட் மெக்கானிக்.

"வாழ்க்கை பூரா மேலயும் கீழயுமாப் போயே பழகின மனுஷன். முன்னாடி போறதுதான் வர மாட்டேங்குது!" என்றான் புல்லட். "வாத்துக் குஞ்சு எல்லாம் இவரை ஓவர்டேக் பண்ணுது. நான் பந்தயத்துக்குத் தயார் ஆகறேனா, இல்ல மாமாவுக்கு ஆயா வேலை பார்க்கறேனா?"

மறுபடியும் சிரிப்பு. ஓரமா உக்காந்து துடுப்பைத் துடைச்சுக்கிட்டிருந்த மாமாவும் சேர்ந்து சிரிச்சாரு.

கிளப் கேப்டன், ரூல்ஸ் அக்கா பக்கம் திரும்பினாரு. "இந்த ரூல் எதுக்குன்னு சொல்லிடுங்களேன் மேடம். இத்தோட பிரச்சினை முடிஞ்சிடும்."

"காரணம் இருக்கு. சொல்ல மாட்டேன்."

"இது என்ன அநியாயம்?"

"நம்ம கிளப்புல ஒருத்தரோட உடம்பு விஷயம். அவரை மட்டும் தனியாக் காட்டக் கூடாதுன்னுதான் எல்லாருக்கும் போட்டேன். பேரு என் வாயிலேர்ந்து வராது. வேணும்னா ஆளை மாத்திக்குங்க."

அத்தனை கண்ணும் மாமா பக்கம் போச்சு. கிளப்புலயே வயசானவரு அவருதான். அவரு துடைச்ச துடுப்பையே திரும்பவும் துடைச்சாரு.

மாமாவைத்தான் சொல்றாங்கன்னு புல்லட்டும் முடிவு பண்ணிட்டான். ஆனா ஏறின வேகத்துல பிரேக் பிடிக்கலை.

"உடம்புக்கு முடியாதவங்க வீட்ல உக்காரட்டும்! அவங்களுக்காக நான் ஏன் நத்தை மாதிரி ஊரணும்?"

சொல்லிட்டு, மாமா பக்கம் பார்க்காம இருந்துக்கிட்டான்.

கேப்டன் கைகளை எண்ணினாரு. மாத்தணும்னு அஞ்சு பேர். வேண்டாம்னு அஞ்சு பேர். மாமா கை மட்டும்தான் பாக்கி.

மாமா நிதானமா எழுந்தாரு. துடுப்பைச் சுவத்துல சாய்ச்சு வெச்சாரு. கையைத் தூக்கினாரு.

"மேடமே இருக்கட்டும்."

அடுத்த நிமிஷம், புல்லட் அவரை ஷெட்டுக்குப் பின்னாடி தள்ளிக்கிட்டுப் போயிட்டான்.

"என்ன மாமா இது? சொந்த மாப்பிள்ளையையே சபையில கவுத்துட்டீங்களே! உங்களுக்கு என்ன, நெஞ்சு வலியா, சுகரா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"எனக்கு ஒண்ணும் இல்ல மாப்பிள்ளை. கல்லு மாதிரி இருக்கேன்."

"அப்ப யாருக்கு?"

மாமா சுத்தும் முத்தும் பார்த்துட்டுக் குரலை இறக்கினாரு.

"உங்களுக்குத்தான். ரெண்டு மாசம் முன்னாடி சமையல்கட்டுல விழுந்தீங்களே. ரெண்டு நிமிஷம் நினைவே இல்லாம."

"அது பசி மயக்கம் மாமா!"

"டாக்டர் அப்படிச் சொல்லலையே. டெஸ்ட் எடுக்கிற வரைக்கும் தனியாத் தண்ணிக்குப் போகக் கூடாதுன்னாரு. நீங்க சீட்டைக் கிழிச்சுப் போட்டீங்க. கிளப் ஃபாரத்துல, மயக்கம் வந்ததுண்டான்னு கேட்டதுக்கு 'இல்லை'ன்னு எழுதிட்டீங்க. என் பொண்ணு மேடம்கிட்ட போய் ஒரே அழுகை."

புல்லட் ஷெட்டுச் சுவத்து ஓரமா உக்காந்துட்டான்.

"மேடம் உங்க பேரைச் சொல்லியிருந்தா, கேப்டன் அன்னிக்கே போட்டி லிஸ்ட்லேர்ந்து எடுத்திருப்பாரு. அதான் பழியை எல்லாம் அவங்களே வாங்கிக்கிட்டாங்க. ஆனா டெஸ்ட் ரிப்போர்ட் கைக்கு வராம போட்டிக்கு விட மாட்டேன்னுட்டாங்க. நாளைக்குக் காலையில நேரம் வாங்கியிருக்கு. மறுபேச்சு பேசாம வாங்க."

"நீங்க எப்படி மாமா இதுல…"

"கூட வர்றவங்களுக்குக் காப்பாத்தத் தெரிஞ்சிருக்கணும்னாங்க. ஒரு மாசம் நீச்சல், மீட்புப் பயிற்சி எல்லாம் கத்துக்கிட்டேன். பாஸும் ஆயிட்டேன்!"

"அறுபத்தி மூணு வயசுல புதுசா நீச்சலா? தண்ணியைப் பார்த்தா உங்களுக்குப் பயமா இல்லையா?"

"பயமாவா? கை கால் எல்லாம் உதறும் மாப்பிள்ளை. அதான் தண்ணியைப் பார்க்கிறதே இல்ல. உங்க முதுகை மட்டும் பார்த்துக்கிட்டே துடுப்புப் போடறேன்."