நாய்களுக்கு மட்டும்

“நாய்க்குன்னுதானே வாங்கினே? நாய் எங்கேய்யா?”

மதுவிலக்கு இன்ஸ்பெக்டர் பாலசுந்தரம் சைக்கிளை விட்டு இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி அது. கடை வாசலில் நின்ற வேலுமணி வாயிலிருந்த ஐஸ் குச்சியை மெதுவாக உருவினான்.

“ஊட்டுல படுத்திருக்குதுங்க, எசமான்.”

“அப்போ நீ ஏன் சப்புறே?”

“பல்லு கூசுமான்னு பாத்தனுங்க. வாயில்லாச் சீவன் பாருங்க, கூசினாலும் சொல்லத் தெரியாது.”

கடைக்குள் நின்ற பொன்னாயி எட்டிப் பார்த்தாள். இன்றைக்குத் தன் புருஷன் அங்கமுத்துவை விலங்கு மாட்டிக் கூட்டிப் போய்விடுவார்கள் என்றே அவள் முடிவு கட்டிவிட்டாள்.

சங்ககிரி ஸ்டேஷனுக்குப் போகிற ரோட்டில், போன வருஷம் வரை அது அங்கமுத்துவின் கள்ளுக்கடை. ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது, கடை காலியாயிற்று. முதல் கோடையிலேயே அங்கமுத்து ‘நாய்களுக்கு மட்டும் ஐஸ்’ என்று பலகை மாட்டினான். மரத்தூளும் சாக்கும் சுற்றி, சேலத்திலிருந்து காலை ரயிலில் ஐஸ் கட்டி வரும். எலும்பை வேகவைத்து, அந்தத் தண்ணீரில் ராகி மாவைக் கரைத்துக் காய்ச்சுவான். ஆறியதும் பழைய சிகரெட் டின்களில் ஊற்றி, டின்னுக்கு ஒரு மூங்கில் குச்சி செருகி, உப்புத் தூவிய ஐஸில் புதைத்துவிடுவான். மத்தியானத்துக்குள் கல்லாக இறுகிவிடும்.

கள்ளுக்கடைக்காரன் போடுகிற ஐஸில் வேறென்ன இருக்கும் என்று ஊர் கண்ணடித்துக்கொண்டது. அதுவரை நாயைக் கண்டால் கல்லெடுத்த ஊர், திடீரென்று நாய்ப் பாசத்தில் உருகியது. நாய் இல்லாதவர்கள் இரவல் நாய் பிடித்து வந்தார்கள். ஒருவர் வெள்ளாட்டுக் குட்டியை இழுத்து வந்து, “இது ஒரு சாதி நாயிங்க” என்றார். வாங்கிக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்காருவார்கள். கொஞ்ச நேரத்தில் பாட்டு, அழுகை, கட்டிப்புரளல் எல்லாம் நடக்கும்.

பொன்னாயியும் ஒருநாள் ஒரு குச்சியைச் சப்பிப் பார்த்தாள். தலை கிறுகிறுத்தது. ஜன்மப் பகையாளியான அடுத்த வீட்டு மாரியாயியைக் கட்டிக்கொண்டு அழுதாள். அன்றிலிருந்து புருஷன் ஐஸ் போடுகிற கொட்டகைப் பக்கமே அவள் போவதில்லை. கண்ணால் பார்க்காததைப் போலீஸ் கேட்டால் சொல்ல வேண்டியதில்லையே!

“இதுல என்னய்யா கலக்கறே?” இன்ஸ்பெக்டர் அங்கமுத்துவிடம் திரும்பினார்.

“எலும்புத் தண்ணியும் ராகியுமுங்க. கொஞ்சம் பூண்டு. ரயில்ல ஒரு துரை தன் நாய்க்கு ஐசுத் துண்டு குடுத்தாருங்க. அதைப் பாத்தனுங்க. நம்மூரு நாயும் வெயில்ல நாக்கைத் தொங்கப் போட்டுட்டுத்தானுங்களே திரியுது.”

அங்கமுத்து இதை முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னான். மனுஷனுக்கு என்ன நெஞ்சழுத்தம் என்று பொன்னாயி மலைத்துப் போனாள்.

“துரை கதையெல்லாம் கோர்ட்டுல சொல்லு. ஏய் வேலுமணி, நேரா நட பார்ப்போம்.”

வேலுமணி நடந்தான். ரோட்டோரப் பள்ளத்தில் இறங்கினான்.

“நான் நேராத்தானுங்க போறேன். ரோடு வளைஞ்சு போச்சு.”

“போதும். இருந்தாலும் ருசி பார்த்துட்டுத்தான் கேஸ் எழுதணும். எடு ஒண்ணு.”

பெஞ்சில் உட்கார்ந்து, சர்க்கார் முகத்தோடு சப்பினார் இன்ஸ்பெக்டர். குச்சி மட்டும் மிஞ்சியது.

“ஒண்ணுல நிச்சயமாச் சொல்ல முடியாது. இன்னொண்ணு கொடு.”

அதற்கடுத்ததில் தொப்பியைக் கழற்றினார். அதற்கும் அடுத்ததில் பொன்னாயியைத் “தங்கச்சி” என்று கூப்பிட்டு, மாமியார் வீட்டில் தன்னை ஒரு மனுஷனாகவே மதிப்பதில்லை என்று விம்மினார்.

“எங்கூட்டுக்காரரை விட்டுருங்க சாமி” என்று பொன்னாயியும் அழுதாள்.

“விடாம என்ன பண்றது, தங்கச்சி? காக்கிச் சட்டையோட உட்கார்ந்து நானே குடிச்சேன்னு எழுத முடியுமா? என் வேலை போயிடும்.”

“எசமான், அது நாய்க்குத்தானுங்க...”

“பேசாதே! கில்லாடிய்யா நீ. ரெண்டு கட்டிக் கொடு, நாய்க்கு.”

“நாய் வளத்தறீங்களா?”

“இனிமேல்தான் வாங்கணும்.”

ரோட்டின் இரண்டு ஓரங்களையும் தொட்டுத் தொட்டு அவருடைய சைக்கிள் மறைந்தது. பொன்னாயி கதவைச் சாத்தினாள்.

“போதுமுங்க இந்தப் பொழப்பு! அடுத்து வாரவன் அழுவானா, அடிப்பானா, யாருக்குத் தெரியும்? கள்ளு எங்க இருக்குதுன்னு சொல்லுங்க. நானே கொட்டிட்டு வாரேன்.”

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. அவளே கொட்டகைக்குள் புகுந்தாள். பானைகளை உருட்டினாள். வைக்கோலைக் கலைத்தாள். ஈரச் சாக்கை உதறினாள். எலும்பு, ராகி, பூண்டு. வேறெதுவும் அகப்படவில்லை.

“எங்கதானுங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?”

“இருந்தாத்தான புள்ளே ஒளிக்கிறதுக்கு? மரத்துக்கு மரம் போலீசு நிக்குது. கள்ளுக்கு நான் எங்க போவேன்?”

கலைந்து கிடந்த வைக்கோலைப் பார்த்தபடி அங்கமுத்து தரையில் தொப்பென்று உட்கார்ந்தான்.

“கோடையே முடியப் போவுது, பொன்னாயி. இன்னும் ஒரு நாய்க்குக்கூட ஒரு குச்சி கிடைக்கல.”